திரும்பிப் போகும் கம்பி

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொரு மணிபோல, குருநகரில் அற்புதராணி வீட்டு முன்னறையில் நின்றவர்கள்:

அற்புதராணி, வயது நாற்பத்தொன்று, வீட்டுக்காரி, பிலிப்புவின் மனைவி.

ஸ்ரெல்லா, அவளுடைய அக்கா. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு அவளுடையது. பதினான்கு மாதமாக இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

எமில்ராஜ், பிலிப்புவின் தமையன். தன் இறாலை ஸ்ரெல்லாவின் பிறீசரில் வைத்திருப்பவன்.

துஷாந்தினி, உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வந்த வயறிங் வேலைக்காரி. இவர்களில் ஒருவருக்கும் உறவில்லை.

பிலிப்பு சுவரில் படமாக இருந்தான். செத்தவனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அன்றைய பேச்சு முழுவதும் அவனைப் பற்றியதுதான்.

பிலிப்பு செத்தது பதினான்கு மாதத்துக்கு முன்னால், கார்த்திகை மழைக்குள். கடலால் வந்தவன், ஈரச் சாரம் காயமுன், பின்விறாந்தையில் உடைந்து கிடந்த பிளக்கைக் கழற்ற உட்கார்ந்தான். மெயினை நிப்பாட்டச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தான். அற்புதராணி முன்னறைக்குப் போய் மெயின் சுவிச்சின் பிடியைக் கீழே இழுத்தாள். விளக்கு அணைந்தது. மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. ஐந்து நிமிடம் போயிருக்காது, பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். பிலிப்பு கறுப்புக் கம்பியைப் பிடித்தபடி ஈரத்தரையில் விறைத்துப்போய் இருந்தான். பார்த்த உடனே விளங்கிவிட்டது, கறண்ட். ஆனால் அவள்தான் கறண்டை நிறுத்தியிருந்தாளே. திரும்பி ஓடிவந்து பிடியில் கைவைத்தாள். அது கீழேதான் கிடந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மேலே தள்ளினாள். விளக்கு எரிந்தது. அதே நேரம் பின்னால் அவன் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னாள். மரண விசாரணைக்கு வந்தவரிடம் சொன்னாள். அவர் மின்சாரம் தாக்கியதால் ஏற்பட்ட மரணம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். ஆரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த வேலையை எமில்ராஜ் செய்தான். கூக்குரல் கேட்டு முதலில் ஓடிவந்தவன் அவன்தான். முன்னறைக்குள் நுழைந்ததும் அவன் கண்ணில் பட்டது மேலே தள்ளிக் கிடந்த பிடி. செத்த வீட்டில் சனம் நிறைந்திருக்கும்போதே சொன்னான்:

"பிடி மேலைதான் கிடந்தது. என்ரை கண்ணாலை கண்டனான்."

அந்தச் சொல் செத்த வீட்டிலிருந்து இறங்குதுறைக்குப் போனது. அங்கிருந்து வலை பொத்துகிற வாடிக்கு, பிறகு கோயில் முற்றத்துக்கு. போகப் போகக் கொழுத்தது. நிப்பாட்ட மறந்துவிட்டாள் என்றார்கள். போன் கதைத்துக்கொண்டிருந்தாளாம் என்றார்கள். அவளுடைய சொந்த வாக்குமூலம்தான் அவளுக்கு எதிரான பெரிய சாட்சி ஆனது. கறண்டை நிறுத்தினபோது பிடித்ததாம், போட்டபோது விட்டதாம். புத்தி சரியில்லாதவள் சொல்லுகிற கதை என்று சிரித்தார்கள். அற்புதராணி இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் விளங்கப்படுத்திப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

வாயை மூடின பிறகுதான் மோசமானது தொடங்கியது. அவளுக்கே சந்தேகம் வந்தது. கீழே இழுத்தேனா, இழுத்ததாக நினைத்துக்கொண்டேனா? விளக்கு அணைந்தது அன்றைக்கா, வேறொரு நாளா? அந்தப் பிடியை அவள் பிறகு தொடவில்லை. மின்குமிழ் மாற்ற வேண்டி வந்தால் ரோட்டால் போகிற ஆரையாவது கூப்பிட்டு நிப்பாட்டச் சொல்லுவாள். அனுதாபத்தோடு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும். அன்றைக்குத் தன் கை என்ன செய்தது என்று தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் அவளுக்கு வேண்டாத சாமான்.

செத்த வீட்டில் எமில்ராஜ் அப்படிச் சொன்னபோது ஸ்ரெல்லா அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தோடு இரண்டு வீட்டுக்கும் இடையில் கதை நின்றது.

இரண்டு வீடு என்று சொன்னாலும் ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அப்பா இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுக்க நடுவில் கல்லால் ஒரு சுவர் எழுப்பினார். இந்தப் பக்கங்களில் வீட்டைப் பிரிக்கிற முறை தெரிந்ததுதான். நொத்தாரிசு வந்து உறுதிப் பத்திரம் எழுதுவார். கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால், மதிலடித் தென்னை ஆருக்கு என்பதுவரை எழுத்தில் இருக்கும். சுவர் மூன்று நாளில் எழும்பியது. மீற்றர் இரண்டானது, மெயின் சுவிச் இரண்டானது. சுவருக்குள் ஓடுகிற கம்பிகளைப் பற்றி உறுதியில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

அந்தச் சனிக்கிழமை ஸ்ரெல்லா ரிப் சுவிச் பூட்ட ஆள் கூப்பிட்டிருந்தாள். பிலிப்பு செத்த நாளிலிருந்து அவளுக்குக் கறண்ட் என்றால் பயம். சுவரில் காற்றுக்காக விட்ட ஓட்டைகளால் அந்தப் பக்கத்துப் பேச்சு அற்புதராணிக்குத் தெளிவாகக் கேட்கும். கேட்க விரும்பித்தான் அவள் சுவரோரம் இருந்து வெங்காயம் உரித்தாள்.

வந்தது பெண்ணாக இருந்ததில், இறாலைப் பார்க்க வந்திருந்த எமில்ராஜுக்குச் சிரிப்பு. துஷாந்தினி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வேலையைத் தொடங்கமுன் வீடு முழுவதும் ஒரு சுற்று நடந்து, எந்தெந்தப் பிளக்கில் என்னென்ன ஓடுகிறது என்று ஸ்ரெல்லாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதினாள். இந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யும் என்று ஸ்ரெல்லா கேட்டபோது வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"போற கறண்டும் திரும்பி வாற கறண்டும் ஒரே அளவாய் இருக்கோணும் அக்கா. உது ரெண்டையும் எந்த நேரமும் அளந்துகொண்டிருக்கும். வாறது கொஞ்சம் குறைஞ்சாலும் உடனை விழும். குறைஞ்ச கறண்ட் வேறை எங்கையோ போகுது. அது ஒரு மனுசன்ரை உடம்புக்காலையும் போகலாம்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று ஸ்ரெல்லா கேட்டாள். முப்பது மில்லி அம்பியர் என்றும், அது ஒரு பழைய நாற்பது வாட் குமிழைக்கூட ஒழுங்காக எரிக்காது என்றும், நெஞ்சை நிறுத்த அதற்கு மேல் அதிகம் தேவையில்லை என்றும் துஷாந்தினி சொன்னாள். ஆள் கத்த வாய் திறக்கமுன் அது அறுத்துவிடுமாம். சுவருக்கு இந்தப் பக்கம் அற்புதராணியின் கத்தி நின்றது. இரண்டு தீப்பெட்டி அளவு சாமான். அது எங்களிடம் இருந்திருந்தால் என்று நினைத்தாள். பிறகு வெங்காயத்தை எடுத்தாள்.

பூட்டி முடிந்தது. கறண்டைப் போட்டார்கள். ரிப் சுவிச் விழாமல் நின்றது. விளக்கைப் போட்டார்கள், மின்விசிறியைப் போட்டார்கள், நின்றது. நடுஅறையில் இருந்த பிறீசரைப் போட்டார்கள். டக்.

துஷாந்தினி திரும்பத் தூக்கினாள். டக்.

எமில்ராஜ் பொறுமை இழந்தான். இறால் முழுவதும் உள்ளே கிடந்தது. பொம்பிளைப் பிள்ளை கை வைத்ததில் சுவிச்சுக்கு வெட்கம் வந்துவிட்டது போல, நிற்கமாட்டேன் என்கிறது என்றான். அதற்கு வெட்கம் கிடையாது, அதனால்தான் உள்ளதைச் சொல்லுகிறது என்றாள் துஷாந்தினி. குருநகரில் இதற்கு எல்லோரும் என்ன செய்வார்கள் என்று அவன் விளங்கப்படுத்தினான். இரண்டு துண்டுக் கம்பி போட்டு ரிப் சுவிச்சைத் தாண்டி டிறெக்ட் கொடுப்பார்கள். பெட்டி பார்வைக்குச் சுவரில் இருக்கும், கறண்ட் அதன் பாட்டில் ஓடும். ஐந்து நிமிட வேலை. அவள் மாட்டேன் என்றாள். அவன் வேறு ஆளைக் கூப்பிடப்போவதாகச் சொன்னான். கூப்பிடலாம், ஆனால் தன் கையெழுத்து அந்த வீட்டில் இருக்காது என்றாள். குரல் உயரவில்லை. உயராத குரலோடு சண்டை பிடிக்க எமில்ராஜுக்குப் பழக்கமில்லை.

அவள் பிறீசரின் வயரை இழுத்துக் குசினிப் பிளக்கில் செருகிப் பார்த்தாள். ரிப் சுவிச் விழவில்லை. பிறீசர் உறுமிக்கொண்டு ஓடியது.

எமில்ராஜுக்குப் பிரச்சினை முடிந்தது. இறால் தப்பியது, பிறீசர் குசினியிலேயே இருக்கட்டும் என்றான். ஸ்ரெல்லாவும் ஓம் என்றாள். அநேகம் பேர் அந்த இடத்தில் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இந்தப் பெண் போகவில்லை. பிறீசரில் பிழை இல்லை, அப்படியென்றால் நடுஅறைக் கம்பியில் பிழை, அங்கே போகிற கறண்ட் இந்தப் பெட்டிக்குத் திரும்பி வரவில்லை, எங்கே போகிறது என்று பாராமல் போக முடியாது என்றாள். பிளக்கைக் கழற்றினாள். கம்பியைத் தேடித் தேடிச் சுவரோடு வந்தாள். சாந்து பூசி மறைத்த, கம்பிகள் கூடுகிற ஒரு பழைய சந்திப் பெட்டியைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்து உடைத்துத் திறந்தாள். அரை மணித்தியாலம் ஆனது. வேலைக்குப் பேசின நேரத்துக்கு வெளியே போன அரை மணித்தியாலம்.

பிறகு கேட்டாள்: "இந்தச் சுவருக்கு அங்காலை ஆரின்ரை வீடு?"

அப்படித்தான் அவர்கள் இந்த வாசலுக்கு வந்தார்கள். முதலில் துஷாந்தினி, பின்னால் வேடிக்கை பார்க்க எமில்ராஜ். ஸ்ரெல்லா படலையடியில் நின்று யோசித்துவிட்டு வந்தாள்.

துஷாந்தினி முன்னறையைப் பார்த்தாள். மெயின் சுவிச்சை நிப்பாட்டச் சொன்னாள். அற்புதராணி அசையவில்லை.

"அவவைக் கேக்காதை பிள்ளை," என்றான் எமில்ராஜ். "அவ முந்தி ஒருக்கா நிப்பாட்டினவ."

ஸ்ரெல்லா தரையைப் பார்த்தாள். துஷாந்தினி ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்து, கடைசியில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அற்புதராணியிடம் என்ன நடந்தது என்று கேட்டாள். கேட்ட விதத்தில் பரிதாபம் இருக்கவில்லை. ஒரு கொப்பியில் எழுதப்போகிறவள் கேட்பதுபோல இருந்தது. அதனால்தானோ என்னவோ அற்புதராணி சொன்னாள். ஒரு வருடமாகச் சொல்லாததைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். நிறுத்தினபோது பிடித்தது, போட்டபோது விட்டது என்ற இடம் வந்ததும் எமில்ராஜ் மூக்கால் சிரித்தான். துஷாந்தினி சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டாள். அவர் பிடித்திருந்தது கறண்ட் வருகிற சிவப்பா, திரும்பிப் போகிற கறுப்பா? கறுப்பு. சிவப்பு எப்படி இருந்தது? அதன் நுனியில் அவரே இன்சுலேசன் ரேப் சுற்றி ஒதுக்கி வைத்திருந்தார். பிடியை மேலே தள்ளமுன் விழுந்தாரா, தள்ளின பிறகா?

"தள்ளின உடனை," என்றாள் அற்புதராணி.

துஷாந்தினியின் முகத்தில் ஏதோ ஓடியது. ஆனால் வாய்விட்டது இவ்வளவுதான்: "எனக்கு இன்னும் தெரியாது அக்கா. பாத்திட்டுச் சொல்லுறன்."

அந்த ஒரு வசனத்துக்காகவே அவளைக் கும்பிடலாம். இதற்கு முன் அந்த வீட்டுக்குள் வந்த எல்லோருக்கும் பாராமலே தெரிந்திருந்தது.

இரண்டு வீட்டு மீற்றரடியிலும் பிறேக்கரை இறக்கி முதலில் கறண்டே இல்லாமல் செய்தாள். ரெஸ்ரரால் தொட்டுப் பார்த்து அதை உறுதிப்படுத்தினாள். ஸ்ரெல்லாவின் பிறீசர்ப் பிளக்கின் கறுப்புக் கம்பியில் நீளமான ஒரு வயரை முடிந்து, அதை ஜன்னலால் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அதைத் தன் கைமீற்றரின் ஒரு முனையில் செருகினாள். மறு முனையை இந்த வீட்டு மீற்றரடியில், கறண்ட் தூணுக்குத் திரும்பிப் போகும் கறுப்புக் கம்பியில் வைத்தாள். இரண்டு முனைக்கும் இடையில் கம்பி அறாமல் இருந்தால்தான் அந்த மீற்றர் கத்தும்; கீ என்று கத்தத் தொடங்கியது.

"இப்ப பிடி மேலை கிடக்கு," என்றாள். "அக்கா, நீங்கள் வந்து கீழை இழுங்கோ. கறண்ட் இல்லை. நான் பொறுப்பு."

அற்புதராணி பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனாள். கைவிரல் சுற்றிப் பிடிக்க நேரம் எடுத்தது. இழுத்தாள்.

மீற்றர் மௌனமானது.

துஷாந்தினி மேலே தள்ளச் சொன்னாள். தள்ளினாள். கீ என்றது. இழுத்தாள், நின்றது. ஐந்தாறு தரம் செய்வித்தாள். பிறகு கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, தரையில் குந்தி, பென்சிலால் சீமெந்தில் இரண்டு பெட்டியும் நடுவில் ஒரு கோடும் கீறினாள். வீடு பிரித்தபோது வயர்மன் சிவப்புக் கம்பிகளை இரண்டாகப் பிரித்தான். கறுப்பைப் பிரிக்கவில்லை. ஸ்ரெல்லா அக்காவின் பிறீசருக்குக் கறண்ட் போவது அவவின் வீட்டால். திரும்பி வருவது சுவருக்குள்ளால் இந்த வீட்டுக்கு, இந்த மெயின் சுவிச்சுக்குள்ளால். இருபது வருடமாக ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாம் ஓடியது.

"நீங்கள் உதைக் கீழை இழுத்தால் உங்கடை வீட்டுக் கறண்ட் நிக்கும். ஆனால் பிறீசரிலை இருந்து வாற கறண்டுக்குத் திரும்பிப் போற வழியும் அடைபட்டிடும். அது இந்த வீட்டுக் கறுப்புக் கம்பி முழுக்க வந்து நிக்கும். ஈரத்திலை இருந்து ஆர் தொட்டாலும் அவர்தான் வழி. திருப்பி மேலை தள்ளினால் பழைய வழி திறக்கும். ஆளை விட்டிடும்."

துஷாந்தினி பென்சிலைக் காதில் செருகினாள்.

"நீங்கள் சொன்னது அப்பிடியே சரி அக்கா. நிப்பாட்டினபடியாலைதான் பிடிச்சது. போட்டபடியாலைதான் விட்டது. நீங்கள் நிப்பாட்டாமல் விட்டிருந்தால் உப்பிடி நடந்திருக்காது."

கடைசி வசனம் கொடுமையானது. சொன்னவளுக்கும் அது தெரிந்திருந்தது. ஆனாலும் அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லவில்லை. அற்புதராணிக்கு அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. தன் கை இழுத்திருக்கிறது. கனவு இல்லை.

எமில்ராஜ் விடவில்லை. மெசின் கத்துவதெல்லாம் சாட்சி ஆகுமா என்றான். இன்றைக்கு இப்படி இருக்கிறது, அன்றைக்குப் பிடி கீழே கிடந்ததை ஆர் கண்டது? துஷாந்தினி நேர்மையாகச் சொன்னாள், அது தனக்குத் தெரியாது, கம்பிக்கு நாள் கிழமை ஞாபகம் இருக்காது என்று. எமில்ராஜ் தலையை ஆட்டினான். தான் வென்றுவிட்டதாக நினைத்தான்.

அப்போதுதான் ஸ்ரெல்லா வாய் திறந்தாள்.

"அண்டைக்குப் பிறீசர் நிண்டது."

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்ரெல்லா தன் கைவிரல்களைப் பார்த்துப் பேசினாள். இந்த வீட்டில் மெயினை நிப்பாட்டினால் தன் பிறீசர் நிற்கும் என்று கனகாலமாகத் தெரியும். தங்கச்சியும் பிலிப்புவும் வேண்டுமென்று ஏதோ சேட்டை செய்கிறார்கள் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். அன்றைக்கும் அவள் மீன் எடுக்கப் பிறீசரைத் திறந்து வைத்திருந்தாள். உறுமல் நின்றது. திரும்பவும் தொடங்கிவிட்டார்கள் என்று திட்டினாள். கொஞ்ச நேரத்தில் உறுமல் தன்பாட்டில் வந்தது. வந்ததற்கு அடுத்த மூச்சில் ராணியின் கூக்குரல் கேட்டது.

"முதல் பிறீசர். பிறகுதான் கூக்குரல்," என்றாள். "உதுக்குள்ளை இவ்வளவு கிடக்கெண்டு எனக்குத் தெரியாது ராணி. ஆனால் நிண்டது தெரியும். செத்த வீட்டிலை சொல்லியிருக்கலாம். நான் ஏன் வீணாய் வாய் குடுப்பான் எண்டு இருந்திட்டன்."

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. பிலிப்புவின் உடம்புக்குள்ளால் போனது அவளுடைய பிறீசரின் கறண்ட். அவள் சுவரில் சாய்ந்து தரையில் அமர்ந்தாள். துஷாந்தினி, அது அவவின் பிழையும் இல்லை, பிரித்தவனின் பிழை என்றாள். ஆறுதல் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொன்ன அதே குரல்தான்.

அற்புதராணி குசினிக்குள் போய்த் தண்ணீர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள்.

துஷாந்தினி எழும்பி வேலைக்குப் போனாள். சுவருக்குள் இருந்த கறுப்புக் கம்பியை வெட்டி இரண்டு பக்கமும் மூடினாள். ஸ்ரெல்லா வீட்டு நடுஅறைக்குப் புதுக் கம்பி இழுத்து அவளுடைய பெட்டிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். நடுஅறையில் பிறீசரைப் போட்டாள். ரிப் சுவிச் விழவில்லை. அதன் சின்னப் பொத்தானை அமத்தினாள், டக் என்று விழுந்தது. தூக்கினாள், நின்றது. மாதத்துக்கு ஒரு தரம் அப்படி அமத்திப் பார்க்கச் சொன்னாள். திங்கட்கிழமை வந்து இந்த வீட்டுக்கும் ஒன்று பூட்டுவதாகச் சொல்லிவிட்டு, கொப்பியில் திகதியை எழுதி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அவளுக்குக் கோப்பாயில் இன்னொரு வீடு இருந்தது.

எமில்ராஜ் போகவில்லை. முன்னறையில் கதிரை நுனியில் இருந்தான். தான் கண்டதைத்தான் சொன்னதாகச் சொன்னான்.

"ஓம் அத்தான். நீங்கள் கண்டது சரி," என்றாள் அற்புதராணி. "பிடி மேலைதான் கிடந்தது. நான்தான் தள்ளினனான். ஏன் மேலை கிடக்கு எண்டு நீங்கள் என்னை ஒருக்காலும் கேக்கேல்லை."

அவன் தொண்டையைச் செருமினான். நடந்தது நடந்துவிட்டது, இனி இதைக் கிளறினால் ஸ்ரெல்லாவுக்குத்தான் கெட்ட பேர், குடும்பத்துக்குள் இருக்கட்டும் என்றான். ஸ்ரெல்லா தரையில் இருந்தபடியே, தனக்கு வருகிற பேர் வரட்டும் என்றாள். அவன் அதைக் கேளாததுபோல, வருகிற ஞாயிறு பிலிப்புவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம், செலவு தன்னுடையது என்றான்.

"பூசை வேண்டாம். வாடிக்குப் போங்கோ. இறங்குதுறைக்குப் போங்கோ. என்னைப் பற்றிக் கதைச்ச இடத்திலையெல்லாம் நிண்டு இதையும் கதையுங்கோ. பிறகு வந்து இருங்கோ, தேத்தண்ணி தாறன்."

"இப்பவோ?"

"படகு வாற நேரம். எல்லாரும் நிப்பினம்."

எமில்ராஜ் எழும்பினான். சாரத்தை இறுக்கிக் கட்டினான். ஸ்ரெல்லாவைப் பார்த்தான், அவள் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று செருப்பைக் கொழுவினான். இறங்குதுறைப் பக்கம் போவானா வீட்டுக்குப் போவானா என்று படலையடியில் அவனுக்கே தெரியாமல் நின்றான். எந்தப் பக்கம் போனாலும் கதவு அவன் சொல்லிவிட்டு வரும்வரை திறக்காது. அற்புதராணி கதவைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். திறப்பை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினாள்.